விளக்குக் கம்பங்களில் தொங்கும் உத்தரவுகள்

பெர்லினுக்குப் போனால் எல்லோரும் 2,711 கான்கிரீட் பாளங்கள் நிற்கும் நினைவிடத்துக்குத்தான் போகிறோம். ஷோனபெர்க்கின் பவேரியக் குடியிருப்பில் நாம் அண்ணாந்து பார்க்க வேண்டும். ரெனாட்டா ஷ்டீ, ஃப்ரீடர் ஷ்னாக் ஆகிய கலைஞர்கள் 1993இல் அங்கே விளக்குக் கம்பங்களில் 80 பலகைகளை மாட்டினார்கள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் நாஜி காலத்து உத்தரவு. ரொட்டிப் படத்தின் பின்னால்: யூதர்கள் மாலை 4 முதல் 5 மணிக்குள் மட்டுமே உணவுப்பொருள் வாங்கலாம் (1940). பூனைப் படத்தின் பின்னால்: செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது (1942). சதுக்கத்தில் உட்கார மஞ்சள் அடையாளமிட்ட பெஞ்சு மட்டும். பெஞ்சுக்கும் தீட்டு!

நாடுகடத்தும் ரயில்கள் பெர்லினிலிருந்து கிளம்பியது 1941 அக்டோபரில். அதற்கு முன்பே, அக்கம்பக்கத்தார் கண்ணெதிரே, பெஞ்சும் ரொட்டியும் பறிபோயிருந்தன. முகாம் படங்களில் இது தெரியாது. 1993இல் பலகைகள் ஏறியபோது, யூத வெறுப்புப் பிரச்சாரம் என்று நினைத்து அங்கிருந்தவர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள்.