தாளம் தப்பியது யாரால்?

போன வாரம் விடுதி அறையில் ஒரு பஞ்சாயத்து. நண்பன் கணினியில் பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தான். முதலில் தாளத்தைப் பதிந்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே கீபோர்டு வாசித்தான். திருப்பிப் போட்டுக் கேட்டால் கீபோர்டு கொஞ்சம் பிந்தி வருகிறது. "உனக்குத் தாளமே நிக்கலைடா" என்று எல்லோரும் ஓட்டினோம், நான் உட்பட. பாவம், நாலு தடவை வாசித்தும் அதே கதைதான்.

அப்புறம் தேடிப் படித்தேன். இந்த வம்புக்கு நாற்பது வருஷ வரலாறு இருக்கிறது! (பி.காம் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள்.)

1983-ல் மிடி வந்தது. வேறு வேறு கம்பெனி கீபோர்டுகள் ஒரே கம்பியில் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி. வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தைச் சொல்ல 30 பிட், அதாவது கிட்டத்தட்ட ஒரு மில்லி நொடி. பத்து விரலையும் சேர்த்து அழுத்தினாலும் ரேஷன் கடை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். ஆனாலும் காது பொறுத்துக்கொள்ளும்.

1985-ல் வந்த அடாரி எஸ்டி கணினியில் மிடி துளைகள் கூடவே இருந்தன. வேகம் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். அதனால் முழுக் கவனமும் பாட்டின் மேல். அது பழசான பிறகும் நேரம் தவறாமைக்காகவே பல இசைக்காரர்கள் அதை விடவில்லை.

1990களில் வீட்டுக்கு வந்த விண்டோஸ் கணினிகள் அதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் மவுஸ், டிஸ்க், பிரிண்டர் என்று ஆயிரம் வேலை. இடையில் ஒலி அறுந்துவிடாமல் இருக்க, அதைக் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்பினார்கள். இதுதான் பஃபர். நம்ம ஷேர் ஆட்டோதான். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். நொடிக்கு 44,100 துண்டாகப் பதியும் ஒலியில் 1024 துண்டு சேர 23 மில்லி நொடி ஆகும். உள்ளே வர ஒரு ஆட்டோ, வெளியே போக இன்னொன்று. நடுவில் விண்டோஸின் சொந்தத் தாமதம் வேறு. ஆட்டோவைச் சின்னதாக்கினால் டிரிப் கூடும். கணினி திணறினால் ஒலி படபடவென்று வெடிக்கும்.

1997-ல் ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 'ஏசியோ' என்ற குறுக்கு வழியைக் கொடுத்தது. விண்டோஸின் ஒலிப் பாதையைச் சுற்றாமல் மென்பொருள் நேராக சவுண்ட் கார்டிடமே பேசலாம். தாமதம் குறைந்தது. அதைவிட முக்கியம், எவ்வளவு தாமதம் என்று மென்பொருளுக்குக் கணக்கும் கிடைத்தது. அந்த அளவுக்குப் பதிவை முன்னால் இழுத்துவிடலாம்.

தினமும் பத்து நிமிஷம் லேட்டாக வரும் ரயிலை நம்பிக் கிளம்பலாம். ஒருநாள் இரண்டு, மறுநாள் இருபது என்றால்தான் தொல்லை. அடாரி பேர் வாங்கியது வேகத்தால் அல்ல, இந்தச் சீரால்தான்.

நண்பனின் பதிவை மறுபடி திறந்து பார்த்தோம். பாட்டு முழுக்க ஒரே அளவு பிந்தியிருந்தது. மனுஷன் தப்பினால் அவ்வளவு ஒழுங்காகத் தப்ப முடியாது! அந்த அளவுக்கு முன்னால் தள்ளினோம், தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. கணக்குச் சொன்ன டிரைவர்தான் பொய்க் கணக்கு சொல்லியிருக்கிறது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. டீயும் பஜ்ஜியும் என் செலவு.