ஆர்க்கேட் ஆட்டப் பெட்டி மீட்டமைப்பு

ஆர்க்கேட் ஆட்டப் பெட்டி மீட்டமைப்பு என்பது, காசு அல்லது டோக்கன் போட்டு ஆடும் பழைய நிகழ்பட ஆட்டப் பெட்டிகளைப் பழுதுபார்த்து மீண்டும் இயங்கச் செய்யும் ஒரு பொழுதுபோக்கு ஆகும். பெட்டியை அது முதலில் விற்கப்பட்ட நிலைக்குக் கொண்டுவருவது மீட்டமைப்பு எனப்படும். அதே பெட்டிக்குள் வேறோர் ஆட்டத்தையோ ஒரு கணினியையோ பொருத்துவது மாற்றியமைப்பு எனப்படும். தச்சு வேலை, மின்னணுவியல், ஓவியம், கணினி நிரலாக்கம் ஆகிய பல திறன்கள் இதில் ஒன்றுசேர்கின்றன. இப்பெட்டிகள் இப்போது உருவாக்கப்படுவதில்லை என்பதாலும், அவற்றின் படக்குழாய்களுக்கு மாற்று கிடைப்பது அரிது என்பதாலும், எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பது இத்துறையின் முதன்மையான கேள்வியாக உள்ளது.

வரலாற்றுப் பின்னணி

வணிக அடிப்படையில் வெளியான முதல் காசு நிகழ்பட ஆட்டப் பெட்டி 1971 ஆம் ஆண்டின் "கம்ப்யூட்டர் ஸ்பேஸ்" ஆகும். 1972 இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட "பாங்" பரவலான வெற்றி பெற்றது. கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைக்கப்பட்ட அதன் முன்மாதிரி சில நாட்களிலேயே நின்றுபோனது. திறந்து பார்த்தபோது காசுப் பெட்டி நிரம்பி வழிந்ததே காரணம் எனத் தெரிந்தது. பின்னர் ஜப்பானில் டைட்டோவின் "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்" (1978), நாம்கோவின் "பேக்-மேன்" (1980), நின்டெண்டோவின் "டாங்கி காங்" (1981) ஆகியவை உருவாயின. 1991 இல் கேப்காமின் "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2" இருவர் எதிரெதிராக மோதும் ஆட்டங்களுக்குப் புத்துயிர் அளித்தது.

வீட்டு ஆட்டக் கருவிகள், கணினிகள், பின்னர் செல்பேசிகள் ஆகியவற்றின் வளர்ச்சியால் ஆட்டக் கூடங்கள் குறைந்தன. வருமானம் தராத பெட்டிகள் கிடங்குகளுக்கும் பழைய பொருள் கடைகளுக்கும் சென்றன. மீட்டமைப்புப் பொழுதுபோக்கு அங்கிருந்தே தொடங்குகிறது.

பெட்டியின் உறுப்புகள்

ஒரு பொதுவான பெட்டியில் பின்வருவன இருக்கும்:

- மரக்கூடு: ஒட்டுப்பலகை அல்லது துகள்பலகையால் ஆனது. பக்கங்களில் ஆட்டத்தின் ஓவியமும், மேலே உள்ளிருந்து ஒளியூட்டப்படும் பெயர்ப்பலகையும் இருக்கும்.
- திரை: பெரும்பாலும் 19 அங்குலப் படக்குழாய். பல பெட்டிகளின் கிடைவரி அலைவெண் ஏறத்தாழ 15.7 கிலோஹெர்ட்சு ஆகும்.
- ஆட்டப் பலகை: நுண்செயலியும், நிரலைத் தாங்கிய ஈப்ராம் சில்லுகளும் பொருத்தப்பட்ட சுற்றுப்பலகை.
- மின்வழங்கி: பலகைக்குத் தேவையான +5, +12, -5 வோல்ட்டு மின்னழுத்தங்களைத் தருவது.
- கட்டுப்பாட்டுத் தட்டு: ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும். இவற்றின் அடியில் நுண்சொடுக்கிகள் இருக்கும்.
- காசு ஏற்பான்: காசின் அளவையும் எடையையும் கொண்டு அதனை ஏற்பது அல்லது திருப்புவது.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் கம்பி இணைப்பு முறையைப் பின்பற்றியது. 1985 இல் ஜப்பானில் "ஜம்மா" என்னும் பொது இணைப்பு முறை வகுக்கப்பட்டது. ஒரு பக்கத்திற்கு 28 வீதம் 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பியின் வழியாக மின்சாரம், படம், ஒலி, கட்டுப்பாடு, காசுக் குறிகை ஆகிய யாவும் செல்லும். இதனால் பழைய பலகையைக் கழற்றிப் புதிய பலகையைச் செருகுவதன் மூலமே ஆட்டத்தை மாற்ற முடிந்தது. "ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2" போன்று ஒருவருக்கு ஆறு பொத்தான்கள் தேவைப்படும் ஆட்டங்களுக்குக் கூடுதல் கம்பித் தொகுதி ஒன்று இணைக்கப்பட்டது.

மீட்டமைக்கும் முறை

மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்னரே வேலை தொடங்குகிறது. முதலில் பெட்டியின் எல்லாப் பக்கங்களும் கம்பி இணைப்புகளும் ஒளிப்படம் எடுக்கப்படும். தொடர் எண், உருகி, மின்னழுத்தத் தெரிவு ஆகியவை சரிபார்க்கப்படும். ஜப்பானில் 100 வோல்ட்டும், அமெரிக்காவில் 120 வோல்ட்டும், இந்தியாவில் 230 வோல்ட்டும் வீட்டு மின்னழுத்தமாக உள்ளன. எனவே இறக்குமதியான பெட்டியை நேரடியாக இணைத்தால் அதன் மின்வழங்கி எரிந்துபோகலாம்.

அடுத்து, ஆட்டப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு மின்வழங்கி மட்டும் அளந்து பார்க்கப்படும். பலகையை இணைத்த பின் 5 வோல்ட்டு மின்னழுத்தம் பலகையின் விளிம்பிலேயே மீண்டும் அளக்கப்படும். நீண்ட பழைய கம்பிகளில் மின்னழுத்தம் குறைவதே இதற்குக் காரணம்.

திரையில் படம் வளைவதும் நடுங்குவதும் பெரும்பாலும் மின்பகு மின்தேக்கிகள் உலர்ந்துபோவதால் ஏற்படுகின்றன. அவற்றைத் தொகுதியாக மாற்றுவது மீட்டமைப்பாளர் முதலில் கற்கும் வேலைகளுள் ஒன்றாகும். மின்தேக்கியின் முனைமையை மாற்றிப் பொருத்தினால் அது வெடிக்கக்கூடும்.

ஆட்டப் பலகைகளுக்கு மின்கலங்களும் எதிரிகளாகும். பழைய நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் கசிந்து செப்புத் தடங்களை அரிக்கின்றன. கேப்காமின் 1993 ஆம் ஆண்டின் "சிபிஎஸ்-2" பலகையில் இது வேறு வடிவம் பெற்றது. நிரலைத் திறக்கும் மறைகுறிகள் மின்கலத்தின் துணையுடன் நினைவகத்தில் வைக்கப்பட்டிருந்தன. மின்கலம் தீர்ந்ததும் மறைகுறி அழிந்து, வேறு பழுது ஏதுமில்லாத பலகையும் இயங்காது போகும். ஆர்வலர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து, மறைகுறியை மீண்டும் ஏற்றும் வழியை 2016 இல் வெளியிட்டனர்.

ஈப்ராம் சில்லுகளின் நினைவும் நிலையானதன்று. அவற்றின் கண்ணாடிச் சாளரத்தின் மீது புற ஊதா ஒளி பட்டால் நிரல் அழியும். ஆகவே சாளரத்தை மூடியுள்ள சீட்டை அகற்றக்கூடாது. சில்லின் உள்ளடக்கத்தைப் படித்துப் படியெடுத்து வைப்பது வழக்கம்.

பாதுகாப்பு

வண்ணப் படக்குழாயின் நேர்மின்வாயில் ஏறத்தாழ 20,000 முதல் 25,000 வோல்ட்டு வரை மின்னழுத்தம் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் குழாய் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். குழாயின் புறப்பூச்சுடன் இணைந்த நிலத்தொடுப்புக் கம்பியுடன் நன்கு காப்பிடப்பட்ட கருவியை இணைத்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு, இம்மின்னூட்டத்தை வெளியேற்றுவர். பயிற்சியுள்ளவர் உடனில்லாமல் இதனைச் செய்தல் கூடாது.

குழாயின் உள்ளே வெற்றிடம் உள்ளது. அதன் மெல்லிய கழுத்து முறிந்தால் குழாய் பயனற்றுப் போவதோடு கண்ணாடியும் சிதறலாம். மேலும் பல திரைகளின் உலோகச் சட்டகம் மின்வழங்கலிலிருந்து பிரிக்கப்படாதது. அத்தகையவற்றைத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாக மட்டுமே இயக்க வேண்டும்.

மாற்றியமைப்பு

மாற்றியமைப்பு பொழுதுபோக்காளர்கள் கண்டுபிடித்தது அன்று. அது இத்தொழிலிலேயே தோன்றியது. நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பிய 3,000 "ரேடார் ஸ்கோப்" பெட்டிகளில் ஏறத்தாழ 2,000 விற்காமல் தேங்கின. அவற்றில் பொருத்துவதற்காக உருவாக்கப்பட்ட ஆட்டமே "டாங்கி காங்". 1982 இல் வெளியான "மிஸ் பேக்-மேன்" ஆட்டமும் "பேக்-மேன்" பெட்டிகளை மாற்றும் ஓர் இணைப்புத் தொகுதியாகவே தொடங்கியது.

இக்காலத்தில் மாற்றியமைப்பு என்பது பெரும்பாலும் கணினி பொருத்துவதைக் குறிக்கிறது. 1997 பெப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா வெளியிட்ட "மேம்" என்னும் போன்மி மென்பொருள், பழைய பலகைகளின் செயற்பாட்டைக் கணினியில் நிகழ்த்துகிறது. 2016 முதல் இது திறந்த மூல உரிமத்தில் கிடைக்கிறது. 2012 இல் அறிமுகமான ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள் இதற்குப் பயன்படுகின்றன. மென்பொருள் கட்டற்றதாயினும் ஆட்டங்களின் நிரல்கள் அவ்வாறல்ல. இந்தியாவில் 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் கணினி நிரல்கள் இலக்கியப் படைப்புகளாகப் பாதுகாக்கப்படுகின்றன.

எந்த நிலைக்கு மீட்பது?

மீட்டமைப்புக்கும் மாற்றியமைப்புக்கும் இடையே உள்ள எல்லை எப்போதும் தெளிவானதன்று. தொடக்ககால "டாங்கி காங்" பெட்டிகள் சில "ரேடார் ஸ்கோப்" பெட்டிகளின் சிவப்பு நிறத்திலேயே உள்ளன. அவற்றுள் ஒன்றை "முதல் நிலைக்கு" கொண்டுசென்றால், அரிதான ஒரு "டாங்கி காங்" பெட்டி அழிந்துவிடும். மாற்றமும் அப்பெட்டியின் வரலாறே என்பதற்கு இது சான்று.

இதனால் பல ஆர்வலர்கள் திருப்பக்கூடிய மாற்றங்களையே ஏற்கின்றனர். மரக்கூட்டை அறுத்தல், புதிய துளையிடுதல், ஓவியத்தைச் சுரண்டுதல் ஆகியவற்றைத் தவிர்ப்பர். கழற்றிய உறுப்புகளைப் பெயரிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைப்பர். பழைய கம்பித் தொகுதியை வெட்டாமல், ஜம்மா இணைப்பியிலிருந்து கணினிக்கு இணைக்கும் இடைப்பலகையைப் பயன்படுத்துவர். படக்குழாயை எடுத்துவிட்டுத் தட்டைத் திரை பொருத்துவது எளிது. ஆனால் கழற்றிய குழாய் காக்கப்படாவிட்டால் அம்மாற்றத்தைத் திருப்ப இயலாது.

மறுபுறம், மரக்கூடு உளுத்து, பலகையும் காணாமற்போன பெட்டியை மாற்றியமைப்பது அதனைக் காப்பதற்கான ஒரே வழியாகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இவ்வகை ஆட்டங்கள் "வீடியோ கேம்" என்றே அறியப்பட்டன. நகரங்களின் ஆட்டக் கூடங்கள், திரையரங்கு வளாகங்கள், பொருட்காட்சிகள், கேளிக்கைப் பூங்காக்கள் ஆகியவற்றில் இவை வைக்கப்பட்டன. இந்தியாவில் சூதாட்ட வகை இயந்திரங்களும் இதே பெயரில் இயங்கியதால் அரசுகள் கட்டுப்பாடு விதித்தன. கர்நாடகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 இல், நிகழ்பட ஆட்டக் கூடங்களை உரிமம் வழியாக ஒழுங்குபடுத்தலாம் எனத் தீர்ப்பளித்தது.

தமிழகக் கரையோரத்தின் ஈரப்பதம் துகள்பலகையை ஊதச் செய்கிறது. உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கிறது. கரையான் அடிப்பலகையைத் தின்கிறது. ஆகவே பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும், முனைகளைத் தூய்மை செய்வதும் இங்கு இன்றியமையாதவை. மின்தேக்கி, மின்வழங்கி, நுண்சொடுக்கி போன்ற பொது உறுப்புகளைச் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் தேடலாம். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளைப் பழுதுபார்த்த தொழிலாளரின் அறிவும் திரைகளுக்கு நேரடியாகப் பயன்படுகிறது.

கும்மிடிப்பூண்டியும் மின்னணுக் கழிவும்

கைவிடப்பட்ட பெட்டியின் மறுமுடிவு மறுசுழற்சி ஆகும். இத்தொழில் தமிழ்நாட்டில் செறிந்துள்ள பகுதிகளுள் ஒன்று, 1997 இல் உருவான திருவள்ளூர் மாவட்டம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகளும், தீங்குதரும் கழிவுகளுக்கான பொது மேலாண்மை நிலையமும் உள்ளன. மாவட்டத்தில் மின்னணுக் கழிவைப் பிரித்தெடுக்கும் நிறுவனங்களும் இயங்குகின்றன.

காயலான் கடைக்குச் செல்லும் பெட்டி பொருள்வாரியாகப் பிரிக்கப்படுகிறது. காசுக் கதவும் சட்டகங்களும் இரும்பாகவும், மின்மாற்றியும் கம்பிகளும் செம்பாகவும், சுற்றுப்பலகை அதிலுள்ள சிறிதளவு தங்கத்திற்காகவும் மதிப்பிடப்படுகின்றன. படக்குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் அதனைக் குப்பையில் உடைத்துக் கொட்டுவது மண்ணுக்கும் நீருக்கும் கேடாகும்.

இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கான தனி விதிகள் 2012 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள 2022 ஆம் ஆண்டின் விதிகள், நிகழ்பட ஆட்டக் கருவிகளையும் காசு இயந்திரங்களையும் தம் பட்டியலில் சேர்த்துள்ளன. தொழில்முறையில் கருவிகளைப் புதுப்பிப்போரும் மறுசுழற்சி செய்வோரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்தல் வேண்டும்.

பழுதான உறுப்புகளை முறையான மறுசுழற்சிக்கு அனுப்புவதும் மீட்டமைப்பின் ஒரு பகுதியே. ஆயினும் உருக்கப்பட்ட இரும்பு மீண்டும் இரும்பாகப் பயன்படும். படியெடுக்கப்படாத ஈப்ராமில் இருந்த நிரல் மீண்டும் கிடைக்காது. எனவே பிரித்தெடுப்பதற்கு முன்னர் பலகையின் பெயரைக் குறித்தல், ஒளிப்படம் எடுத்தல், நிரலைப் படியெடுத்தல் ஆகியவை சிறு வேலைகளாயினும் முதன்மையானவை.

காப்பகங்கள்

அமெரிக்காவின் ரோச்செசுட்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் மின்னணு ஆட்டங்களின் வரலாற்றுக்கெனத் தனி மையம் ஒன்றை நடத்துகிறது. நியூ ஹாம்சயர் மாநிலத்தில் உள்ள அமெரிக்கன் கிளாசிக் ஆர்க்கேட் அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகளைக் காணவும், அவற்றில் ஆடவும் முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

- நிகழ்பட ஆட்டம்
- படக்குழாய்
- மின்னணுக் கழிவு
- கும்மிடிப்பூண்டி