பம்ப் ஸ்டாப்பர்

லாரியின் அச்சு மேலெழும்பிச் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் கட்டைக்குப் பம்ப் ஸ்டாப்பர் என்று பெயர். பெரும்பாலும் சேசிஸின் அடியில், அச்சுக்கு நேர் மேலே இருக்கும். பட்டை ஸ்பிரிங் எதிர்ப்புறமாக வளைந்து ஒடிவதையும், ஷாக் அப்சார்பர் முழுதும் மடங்கி உள்ளே இடிபடுவதையும் தடுப்பதும் இதுதான்.

திருநெல்வேலி வட்டாரத்தில் இதற்கு ஓய்வு குறைவு. தாழையூத்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் வண்டிகளும், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் புளியரை வழியே கேரளம் போகும் டிப்பர்களும் குவாரிப் பள்ளங்களில் குலுங்கி ஏறி, பிறகு நெடுஞ்சாலையில் வேகமெடுப்பவை. அம்பாசமுத்திரம் பக்கம் வாழைத்தார் ஏற்றும் சிறு லாரிக்குப் போதுமான ஸ்டாப்பர் இவற்றுக்குப் போதாது.

கடைகளில் பலரும் முதலில் ரப்பரின் கடினத்தைக் கேட்கிறார்கள். உண்மையில் முதலில் அளக்க வேண்டியது இடைவெளி. முழுச் சுமையுடன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டாப்பரின் நுனிக்கும் அது வந்து படும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இடம் குறைந்தால் சிறு மேடும் இடியாக விழும். கூடினால் ஷாக் அப்சார்பரோ டயரோ முந்திக்கொண்டு மோதும். ஓட்டத்தில் அச்சு எவ்வளவு உயர்கிறது என்பதை அறிய, தகட்டின் மேல் ஈரக் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி வழக்கமான பாதையில் ஒரு நடை ஓட்டினால் போதும். நசுங்கிய மண்ணின் கனம் விடை சொல்லும். ஸ்டாப்பர் முழுதும் அமுங்கிய நிலையிலும் ஷாக் அப்சார்பரில் சிறிது ஓட்டம் மிஞ்சியிருக்க வேண்டும்.

கெட்டி ரப்பர் அழுத்தினால் கன அளவில் சுருங்காது, பக்கவாட்டில் பிதுங்கும். ஆகவே அதைச் சுற்றிப் பிதுங்க இடம் வேண்டும். நுண்காற்றறைகள் கொண்ட பாலியூரித்தேன் அதிகம் பிதுங்காமல் பாதி உயரத்துக்கும் கீழே அமுங்கும். எதிர்ப்பும் மெல்ல மெல்ல ஏறுவதால் அடி மென்மையாக விழும். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் விளைவது போன்ற இயற்கை ரப்பர் மீள்திறன் மிக்கது, ஆனால் டீசலும் கிரீஸும் பட்டால் உப்பிவிடும்.

பட்டைக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைத்து வண்டியை உயர்த்தினால், அச்சின் மேலேயே வந்து படும் ஸ்டாப்பருக்கு அதே கனத்தில் இரும்புத் துண்டு வைத்து இறக்க வேண்டும். இல்லையெனில் பட்டை கணக்கை மீறி வளையும். ஸ்டாப்பர் யு-போல்ட் தகட்டின் மேல் படுவதானால் இது தேவையில்லை.

இடிச் சத்தத்தைக் குறைக்க ஸ்டாப்பரை அறுத்துக் குட்டையாக்குவது மிக மலிவான, மிக மோசமான வழி. சத்தம் போகும், மெயின் பட்டை சென்டர் போல்ட் அருகே விரிசல் விடும். அதிகச் சுமைக்குக் கெட்டியான ஸ்டாப்பர் மாட்டுவதும் தீர்வாகாது. அச்சு எப்போதும் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தால் பாரம் சேசிஸின் ஒரே இடத்தில் இறங்கி, ரிவெட்டுகள் தளரும். நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான எடை வரம்பு 2018இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. அதற்கு முன் வடிவமைத்த வண்டிகளின் பட்டையும் இடைவெளியும் பழைய எடைக்குக் கணக்கிட்டவை. வரம்பை மீறினால் 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

வெடிப்போ உப்பலோ தெரிந்தால் இரு பக்க ஸ்டாப்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிதானால் வண்டி மேட்டில் ஏறும்போது ஒரு பக்கமாகச் சாயும்.