பாய்மரப் பந்தயமும் பணப்பையும்

ஆலங்குடிச் சுற்றுவட்டாரத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் பாராதவர் அரிது. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓடவிடுவதன் காரணம் நம் சிறுவர்களுக்கும் தெரியும். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓடவிட்டால் அது பந்தயம் ஆகாது. ஆயினும் மாட்டைத்தான் தரம் பிரிக்கலாம். மாட்டுக்காரரின் பணப்பையைத் தரம் பிரிக்க இயலாது. நல்ல பந்தய மாட்டின் விலை சிறு விவசாயியின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதை நாம் கண்ணாரக் காண்கிறோம்.

இதே சிக்கலைக் காற்றை மட்டும் நம்பி ஓடும் ஒரு பந்தயம் எழுபது, எண்பது ஆண்டுகளாக விதி மேல் விதி போட்டுத் தீர்க்கப் பார்க்கிறது. பாய்மரப் படகுப் பந்தயமே அது. அதன் வரலாற்றை நம் பங்கு மக்கள், குறிப்பாக இளைஞர்கள், அறிந்துகொள்வது பயனுடையது என்று எண்ணி இம்மலரில் சில பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன்.

வயலும் தோப்புமாக வாழும் நமக்கும் பாய்மரத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அறந்தாங்கி தாண்டிக் கிழக்கே போனால் கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் எல்லாம் நம் மாவட்டத்துக் கடற்கரையே. அதற்குத் தெற்கே தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் பொங்கலையும் திருவிழாக்களையும் ஒட்டி இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் 1920-ல் இந்தியப் படகுகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். பாக்கு நீரிணைப் படகுகளின் தனித்தன்மையையும் அவர் குறித்திருக்கிறார். படகுக்குக் குறுக்கே ஒரு நீண்ட பலகை நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பலத்தால் ஆட்கள் காற்று வரும் பக்கத்துப் பலகையில் ஏறி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, படகு கவிழாமல் காப்பார்கள். இன்றைய ஒலிம்பிக் வீரர் படகின் விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்த்துத் தொங்குவதும் இதே கணக்குதான். நம் கடலோர மக்களுக்கு அதை எந்தப் பயிற்சியாளரும் வந்து கற்பிக்கவில்லை.

தொழிலுக்குக் கட்டிய படகே பந்தயத்துக்கும் போதும் என்றிருந்த காலம் வரை செலவு என்ற பேச்சு எழவில்லை. எஞ்சின் வந்தது; 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் கரையெங்கும் நிறைந்தன; பாய் பெரும்பாலும் தொழிலைவிட்டு விலகிற்று. பாயை வயிற்றுப்பாட்டுக்கு அல்லாமல் பந்தயத்துக்கென்றே தைக்கத் தொடங்கும் நாளில்தான் பணம் உள்ளே நுழைகிறது.

மேல்நாட்டிலும், மேல்நாட்டாரைப் பின்பற்றிச் சென்னையிலும், இது முதலிலிருந்தே பணக்காரர் விளையாட்டாகவே தொடங்கிற்று. சென்னைத் துறைமுகத்தின் சிற்பிகளில் ஒருவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-ல் மெட்ராஸ் படகுக் கழகத்தைத் தொடங்கினார். துறைமுகத்துக்குள் அக்கழகம் இருக்கும் இடம் இன்றும் ஸ்பிரிங்ஹேவன் என்றே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. துரைமார் ஆளுக்கொரு படகு வைத்திருந்தால், எவர் படகு நீளமானது, எவர் பாய் பெரியது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும். எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற படகில் ஓட்டினால்தான் ஓட்டுபவனின் திறமை தெரியும் என்ற எண்ணம் மெல்ல மெல்ல உலகெங்கும் வலுப்பெற்றது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்காக ஸ்வீடன் நாட்டு ரிக்கார்டு சார்பி வரைந்த ‘ஃபின்’ என்ற ஒற்றையாள் படகு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போட்டி நடத்தும் நாடே படகுகளைக் கொடுத்தது; எவருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாயிற்று. டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம் 1952, 1956, 1960 மூன்றிலும் அதே வகைப் படகில் தங்கம் வென்றார். படகின் மேல் பழிபோட எவருக்கும் வழியிருக்கவில்லை.

ஆனால் மனித மூளை சும்மா இருக்குமா? எடை இவ்வளவு இருக்கவேண்டும் என்று விதி சொன்னது. எடையைக் குறைக்காமல், இரு முனைகளையும் இலேசாக்கிக் கனத்தையெல்லாம் நடுவில் சேர்த்துக் கட்டினார்கள். அத்தகைய படகு அலையில் சுலபமாக ஏறி இறங்கும். தராசில் வைத்தால் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. 1970-களில் பிரான்சு நாட்டு ஜில்பெர் லாம்போலே என்பவர் படகை ஊசல் போலத் தொங்கவிட்டு ஆட்டி, ஆடும் நேரத்தை அளந்து இந்தத் தந்திரத்தைப் பிடிக்கும் வழியைக் கண்டார். உடலின் கனத்தைக் கூட்டக் கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து தண்ணீரில் நனைத்துக்கொண்டவர்களும் உண்டு. முதுகெலும்பு கெட்டது, அதற்கும் வரம்பு விதிக்கவேண்டி வந்தது. பாய்மரக் கம்பம் மரத்திலிருந்து அலுமினியத்துக்கும், பின்பு கார்பன் இழைக்கும் மாறியது. ஓட்டுபவனின் எடைக்கேற்ப அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல் கம்பம் செய்துகொண்டார்கள். ஒரு துளையை அடைத்தால் பணம் வேறொரு துளையில் கசிந்து வரும். 2020 டோக்கியோ ஒலிம்பிக்கோடு ஃபின் விடைபெற்றது.

சிறுவர்களுக்கான ‘ஆப்டிமிஸ்ட்’ படகின் பிறப்பு உள்ளத்தைத் தொடும். 1947-ல் அமெரிக்காவின் ஃபிளோரிடாவிலுள்ள கிளியர்வாட்டர் என்ற ஊரில், தகப்பனும் பிள்ளையும் வீட்டுக் கொட்டகையில் தாங்களே செய்யக்கூடிய படகு வேண்டும், 50 டாலருக்குள் முடியவேண்டும் என்று கேட்டார்கள். கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர் இரண்டு ஒட்டுப்பலகைகளில் அதை முடித்துவிட்டார். பலகையின் நீளம் எட்டடி. அதனால்தான் இப்படகின் முன்பக்கம் கூர்மையின்றி மழுங்கிக் கிடக்கிறது. அழகுக்கு அல்ல, சிக்கனத்துக்கு வந்த வடிவம். பின்னர் ஃபைபர் வந்தது. கட்டுபவர்கள் ஆளுக்கொரு நுணுக்கம் செய்தார்கள். 1990-களின் நடுவில் எல்லாப் படகும் ஒரே அச்சு என்று விதியை இறுக்கினார்கள். படகு ஒன்றானதும் போட்டி பாய்க்கும் சுக்கானுக்கும் தாவியது. இன்று போட்டித் தரத்தில் ஓர் ஆப்டிமிஸ்ட் வாங்க நினைக்கும் தகப்பனார் கொட்டகைக்குப் போவதில்லை, வங்கிக்குப் போகிறார்.

இவ்வரலாற்றின் நடுநாயகம் ‘லேசர்’. 1969-ல் கனடாவின் இயன் புரூஸ், காரின் கூரையில் கட்டி எடுத்துச் செல்லத்தக்க சிறு படகு ஒன்று வேண்டுமென்று தொலைபேசியில் சொல்ல, புரூஸ் கர்பி அப்போதே ஒரு தாளில் கிறுக்கிய படம்தான் அது. 1971-ல் நியூயார்க் படகுக் காட்சியில் அறிமுகமானபோது விலை 695 டாலர். நீளம் பதினான்கு அடிக்குச் சற்றுக் குறைவு. விதிப்புத்தகத்தின் சாரம் யாதெனில், எது வெளிப்படையாக அனுமதிக்கப்படவில்லையோ அது கூடாது. படகுக்காரன் ஒரு துளையைக்கூடத் தன்னிச்சையாகப் போட இயலாது. இன்னொரு நல்ல ஏற்பாடும் பின்னர் வந்தது. அடிப்படகு ஒன்றே, கம்பத்தின் கீழ்ப்பகுதியையும் பாயையும் மட்டும் மாற்றினால் 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என மூன்று அளவில் ஓட்டலாம். பிள்ளை வளர வளரப் புதுப் படகு வேண்டியதில்லை. நம் வீடுகளில் அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதைப் போன்றது. உலகெங்கும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. 1996-ல் லேசர் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2008-ல் பெண்களுக்கும் நடுத்தரப் பாயோடு வந்தது.

இவ்வளவு இறுக்கமான விதியிலும் ஒரு விபரீதம் மறைந்திருந்தது. உரிமம் பெற்ற நிறுவனம் தவிர வேறெவரும் படகோ பாயோ செய்யக்கூடாது என்றால், விலையை நிர்ணயிப்பவர் யார்? அதிகாரபூர்வமான பாய் விலை கூடியது. எனவே பயிற்சிக்குப் போலிப் பாயும் போட்டிக்கு அசல் பாயுமாகப் பலர் காலம் தள்ளினர். சமத்துவத்துக்காக இட்ட விதியே ஏகபோகத்துக்கு வேலியாகிவிடக்கூடும். 2019-ல் இது வெடித்தது. ஐரோப்பாவில் லேசர் கட்டிவந்த நிறுவனம் தன் தொழிற்சாலையைச் சோதனையிட அனுமதிக்கவில்லை என்று கூறி, படகு வகையின் சங்கம் அதன் உரிமத்தை நிறுத்தியது. வணிகப் பெயர் அந்நிறுவனத்திடம் இருந்ததால், சங்கம் படகின் பெயரையே ‘இல்கா’ என்று மாற்றிக்கொண்டு புதிய கட்டுநர்களுக்குக் கதவைத் திறந்தது.

அதே ஆண்டு உலகப் பாய்மரச் சங்கம் ஸ்பெயினின் வலென்சியாவில் லேசரையும் வேறு மூன்று புதுவகைப் படகுகளையும் கடலில் விட்டுப் பார்த்தது. ஆய்ந்த குழு ‘ஆர்.எஸ். ஏரோ’ என்ற இலேசான புதிய படகைப் பரிந்துரைத்தது. ஆனால் சங்கத்தின் மன்றம் வாக்கெடுப்பில் பழைய லேசரையே வைத்துக்கொண்டது. புதியது வேகமானதாக இருக்கலாம். ஆனால் ஏழை நாடுகளின் கழகங்களில் ஏற்கெனவே கிடக்கும் லேசர்களை என்ன செய்வது? என் பார்வையில் அம்மன்றம் செய்ததே சரி.

நின்றுகொண்டே பாயைப் பிடித்து ஓட்டும் பலகைப் பிரிவுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. 1984-ல் ‘விண்ட்கிளைடர்’, அடுத்து ‘லெக்னர்’, 1996 முதல் ‘மிஸ்ட்ரல்’, 2008 முதல் ‘ஆர்.எஸ்.எக்ஸ்’, 2024-ல் நீருக்கு மேலெழுந்து பறக்கும் ‘ஐ.கியூ.ஃபாயில்’ என்று பலகை மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய பலகையின் மதிப்பு விழுகிறது. ஒலிம்பிக் கைவிட்ட அந்த ஆர்.எஸ்.எக்ஸ் பலகையில்தான் நம் நாட்டு எபாத் அலி 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னையைச் சேர்ந்த வர்ஷா கௌதம் 2014-ல் இஞ்சியோனில் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனோடு வெண்கலமும், 2018-ல் ஜகார்த்தாவில் சுவேதா ஷெர்வேகரோடு வெள்ளியும் பெற்றார். கே.சி. கணபதி, வருண் தக்கர் இணை ஜகார்த்தாவில் ‘49er’ வகைப் படகில் வெண்கலம் வென்று டோக்கியோ ஒலிம்பிக்கிற்கும் சென்றது. அவர்களோடு அவ்வொலிம்பிக்கில் லேசர் ஓட்டியவர்கள் வேலூரில் பிறந்த படைவீரர் விஷ்ணு சரவணனும், சென்னைக் கோடைப் பயிற்சி முகாமில் தொடங்கிய நேத்ரா குமணனும். பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ராவே. இருவரும் 2024 பாரிசுக்கும் சென்றார்கள்.

ஒலிம்பிக்கில் லேசர் படகைப் போட்டி நடத்துவோரே கொடுக்கிறார்கள். அங்கே ஏழை, பணக்காரன் இல்லை. ஆனால் அந்த வாசலை அடையும் வரை சொந்தப் படகு, பாய், கப்பற்கூலி, வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் வேண்டும். நேத்ரா ஸ்பெயின் நாட்டுக் கிரான் கனாரியா தீவில் தங்கிப் பயின்றார். பயணத்துக்கும் பயிற்சியாளருக்கும் ஆகும் செலவுக்கு எந்தப் படகு விதியும் வரம்பு கட்டவில்லை.

கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தில், தேவாஸ் மாவட்டத்து விவசாயி ஒருவரின் மகள் நேகா தாக்கூர். போபால் ஏரியில் அம்மாநில அரசு நடத்தும் பாய்மரப் பயிற்சிக் கழகத்தில் கற்றார். சொந்தப் படகு வாங்கும் வசதி அக்குடும்பத்துக்கு இல்லை; படகு அரசுடையது. அவர் 2023-ல் ஹாங்சோவில் வெள்ளி வென்றது அந்த 4.7 சதுர மீட்டர்ச் சிறு பாயில், 1971-ல் 695 டாலருக்கு விற்ற அதே படகின் அடிப்பாகத்தில்தான். நம் ஆலங்குடிக்கோ கடல் போபாலைவிட எவ்வளவோ பக்கம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் ஒற்றையாள் பந்தயத்துக்கு இல்கா படகே நீடிக்கிறது.