யார் தெருவில் யார் உலா?

இரண்டு வரிசை. ஒரு பக்கம் பையன்கள், எதிர்ப்பக்கம் பெண்பிள்ளைகள். நடுவில் சந்து மாதிரி ஒரு இடம். பாட்டு மெதுவாகத்தான் போகும். வரிசையில் இருப்பவர்கள் நின்ற இடத்திலேயே காலை இழுத்து இழுத்து இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருக்க, தலைமாட்டில் நிற்கிற ஜோடி மட்டும் நடுச்சந்தில் இறங்கி நடந்து வரும். அந்த நடைதான் ஆட்டம். ஒருத்தன் தோளைக் குலுக்கிக்கொண்டு வருவான். ஒருத்தி பாதி வழியில் ஒரு சுற்று சுற்றி நின்று, மறுபடி நடப்பாள். கடைசிவரை போய் அவரவர் வரிசையில் சேர்ந்துகொண்டதும் அடுத்த ஜோடி இறங்கும். 1957, 58இல் அமெரிக்க இளசுகளைப் பிடித்து ஆட்டிய இந்த ஆட்டத்துக்குப் பெயர் ஸ்ட்ரோல். சாவகாசமாக நடந்து போவது என்று அர்த்தம். தமிழில் உலா என்று சொல்லிவிடலாம்.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு உலா என்றதும் ஒட்டக்கூத்தரின் மூவருலாதான் ஞாபகம் வரும். சோழன் யானைமேல் ஏறி வீதியில் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்கியாக வேண்டும். பாடத்தில் வீதி உண்டு. அந்த வீதியில் யார் நடக்கலாம், யார் நடக்கக்கூடாது என்ற கேள்வி பாடத்தில் கிடையாது. செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததற்கே வெட்டுக்குத்து பார்த்த சனங்களின் பத்திரிகையில் இதை எழுதுகிறேன். நடையையே ஆட்டமாக்கிய கறுப்பினப் பிள்ளைகளின் கதையை வெறும் பொழுதுபோக்கு வரலாறாக என்னால் படிக்க முடியவில்லை.

அந்த நாட்டில் ராக் அண்ட் ரோல் பற்றிப் பேசுகிறவர்கள் ஸ்ட்ரோலை 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் கணக்கில் எழுதுவதுதான் வழக்கம். ஃபிலடெல்ஃபியா நகரத்தில் 1952இல் உள்ளூர் நிகழ்ச்சியாகத் தொடங்கியது அது. 1956இல் டிக் கிளார்க் என்ற வெள்ளை இளைஞர் பொறுப்பேற்றார். 1957 ஆகஸ்ட் 5 முதல் ஏ.பி.சி. நிறுவனம் அதை நாடு முழுக்க ஒளிபரப்பியது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஸ்டுடியோவில் ஆடுவார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். என்ன சட்டை, என்ன கிராப்பு, என்ன ஆட்டம் என்று ஒரு தலைமுறைக்கே அங்கிருந்துதான் உத்தரவு போனது.

ஆனால் ஸ்ட்ரோல் அங்கே பிறக்கவில்லை. பக்கத்து டெலாவேர் மாநிலத்தில் வில்மிங்டன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சின்ன தொலைக்காட்சி நிலையம். 1955 ஆகஸ்டிலிருந்து சனிக்கிழமைதோறும் அதில் மிட்ச் தாமஸ் என்ற கறுப்பின வானொலி அறிவிப்பாளர் ஒரு நடன நிகழ்ச்சி நடத்தினார். ரே சார்லஸ், லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்கள் வந்து பாடினார்கள். அதெல்லாம் பேண்ட்ஸ்டாண்டிலும் நடந்ததுதான். வித்தியாசம் என்னவென்றால், தாமஸின் நிகழ்ச்சியில் ஆட வந்ததும் கறுப்பினப் பிள்ளைகள். தங்கள் தெருவில், தங்கள் பள்ளிக்கூட விசேஷங்களில், மாதாகோயில் கூடங்களில் ஆடியதை அப்படியே கொண்டுவந்து கேமரா முன்னால் ஆடினார்கள். கறுப்பினப் பிள்ளைகளைத் திருடனாகவும் போக்கிரியாகவும் மட்டுமே செய்தியில் காட்டிய காலம் அது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, யாருக்கும் பயப்படாமல் நடந்து வருகிற பிள்ளைகளைப் பார்ப்பது கறுப்பினக் குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அவர்கள் ஸ்ட்ரோல் ஆடியது சக் வில்லிஸ் பாடிய 'சி.சி. ரைடர்' என்ற பாட்டுக்கு. அட்லாண்டாக்காரர். தலைப்பாகை கட்டிக்கொண்டு மேடையேறுவார். 1957இல் அவர் பாடிய அந்தப் பாட்டும் புதுசு இல்லை; மா ரெய்னி என்ற மகத்தான ப்ளூஸ் பாடகி 1924லேயே இசைத்தட்டில் பதிந்தது. பாட்டி பாட்டுக்குப் பேரப்பிள்ளைகள் புதுசாக ஒரு நடை கண்டுபிடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 'ஸ்ட்ரோலின் ராஜா' என்று வில்லிஸுக்குப் பட்டம் கிடைத்தது. பட்டத்தை அனுபவிக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. 1958 ஏப்ரலில், முப்பதை ஒட்டிய வயசில் செத்துப்போனார்.

வெள்ளைப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமை தாமஸின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, அதில் கண்டதை மறுவாரம் பேண்ட்ஸ்டாண்டில் ஆடினார்கள். நாடே பார்த்தது. 1957 முடிவில் 'தி டைமண்ட்ஸ்' என்ற குழு 'தி ஸ்ட்ரோல்' என்றே ஒரு பாட்டு வெளியிட்டது. கனடாவிலிருந்து வந்த நாலு வெள்ளைப் பையன்கள். கறுப்பினக் குழுக்களின் பாட்டை எடுத்துத் திரும்பப் பாடி ஏற்கெனவே பேர் வாங்கியவர்கள். பாட்டு 1958 தொடக்கத்தில் பில்போர்ட் பட்டியலின் முதல் ஐந்துக்குள் போனது. இதில் ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாகணும். அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவரான கிளைட் ஓட்டிஸ் கறுப்பினத்தவர். பெரிய இசைத்தட்டு நிறுவனத்தில் உயர்பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். 'வெள்ளையன் திருடினான், கறுப்பன் ஏமாந்தான்' என்று ஒற்றை வரியில் இதை முடிக்க முடியாது. எழுதுகிற மேசையில் கறுப்பருக்கு இடம் கிடைத்தது. பாடுகிற மேடையிலும் கிடைத்தது. ஆடுகிற தரையில்தான் கிடைக்கவில்லை.

ஏன் தரையில் மட்டும் இல்லை? பாடுகிறவர் மேடையில் நிற்கிறார், பாடி முடித்ததும் போய்விடுகிறார். ஆடுகிறவர்கள் கையைப் பிடிக்கிறார்கள். ஜோடி சேர்கிறார்கள். நமக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. ஆலன் ஃப்ரீட் என்ற வெள்ளை அறிவிப்பாளர் அதே ஏ.பி.சி.யில் 1957 கோடையில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பாட வந்த ஃப்ராங்கி லைமன் என்ற கறுப்பினச் சிறுவன், பாட்டு முடிந்ததும் கூட்டத்தில் இறங்கி ஒரு வெள்ளைப் பெண்ணோடு ஆடிவிட்டான். அவனுக்கு வயசு பதினாலு. தெற்கத்தி நிலையங்கள் கொதித்தன. சில வாரத்தில் நிகழ்ச்சியே இல்லை.

இந்தப் பாடத்தை பேண்ட்ஸ்டாண்ட் நன்றாகப் படித்துக்கொண்டது. அதன் ஸ்டுடியோ இருந்தது மேற்கு ஃபிலடெல்ஃபியாவில். அந்தப் பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் வேகமாகக் குடியேறிக்கொண்டிருந்த காலம். கூப்பிடு தூரத்தில் கறுப்பினப் பிள்ளைகள். 'கறுப்பருக்கு அனுமதி இல்லை' என்று பலகை வைக்கவில்லை. அவ்வளவு முட்டாள்கள் இல்லை அவர்கள். முன்கூட்டியே கடிதம் எழுதிச் சீட்டு வாங்கவேண்டும் என்றார்கள். உடை ஒழுங்கு என்றார்கள். கடிதத்திலிருக்கும் பேரையும் முகவரியையும் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பகுதியில் வளர்ந்த ஒரு கறுப்பினச் செயல்பாட்டாளர் பின்னாளில் சொன்னது இது: ஐரிஷ், போலந்து, இத்தாலியப் பேர்களைப் போட்டு இவர்கள் கடிதம் எழுதினார்களாம். சீட்டு வந்துவிடும். சீட்டோடு வாசலில் போய் நிற்கும்போதுதான் நெசம் தெரியும். டவுனில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்த வேலை புதுசா என்ன? பேர் மாத்திச் சொல்லலாம், ஊர் மாத்திச் சொல்லலாம். 'எந்தத் தெரு?' என்று கேட்டுவிட்டால் முடிந்தது.

பேண்ட்ஸ்டாண்ட் நாடு முழுக்கத் தெரிய ஆரம்பித்து முப்பது நாளில், 1957 செப்டம்பர் 4 அன்று, ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக் நகரில் எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற பதினைந்து வயசுப் பெண் வெள்ளையர் பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடந்து போனாள். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் மறித்தார்கள். திரும்பி நடந்தாள். ஒரு கூட்டம் அவளை ஏசிக்கொண்டே பின்தொடர்ந்தது. புத்தகத்தை மார்போடு அணைத்தபடி அவள் நடக்கிற புகைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஸ்ட்ரோல் ஆட்டம் உச்சத்துக்கு ஏறியதும் அந்த மாசங்களில்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த ஆட்டத்தின் வரலாற்றை எழுதக்கூடாது என்பது என் கட்சி.

மிட்ச் தாமஸ் சும்மா இருக்கவில்லை. பேண்ட்ஸ்டாண்டில்தான் ஸ்ட்ரோல் பிறந்தது என்று பேச்சு வந்ததும், அவருடைய நிகழ்ச்சிப் பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள். தாமஸ் போன் எடுத்து நேராக டிக் கிளார்க்கிடமே சொன்னார்: இது எங்கள் பிள்ளைகள் ஆடியது. கிளார்க் மறுக்கவில்லை. ஒளிபரப்பிலேயே அதைச் சொல்லிவிட்டாராம். இதைச் சொல்வது தாமஸ்தான், வன்மம் இல்லாமலே சொல்கிறார். நல்ல மனுசன் என்று கிளார்க்கைப் பாராட்டத் தோன்றும். எனக்குத் தோன்றுவது வேறு. அன்றைக்கு ஒளிபரப்பில் சொன்ன நன்றி காற்றோடு போயிற்று. அந்தப் பிள்ளைகளில் ஒருவரைக்கூட 'உள்ளே வந்து ஆடுங்கள்' என்று கூப்பிட்டதாக அந்தக் கதையில் இல்லை. பறையை 'தொன்மையான கருவி' என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, அடித்தவனுக்குத் தனி டம்ளரில் டீ கொடுக்கிற ஊரில் இருப்பவர்களுக்கு இந்த நன்றியின் எடை தெரியும்.

1958 கோடையில் தாமஸின் நிகழ்ச்சி நின்றது. நிலையம் கை மாறி, நட்டப்பட்டு, அந்த செப்டம்பரில் மூடியே போய்விட்டது. பேண்ட்ஸ்டாண்ட் 1989 வரை ஓடியது.

கிளார்க் பிற்காலத்தில், 1957லேயே நான் நிறப்பாகுபாட்டை உடைத்துவிட்டேன் என்று பேட்டிகளிலும் புத்தகங்களிலும் திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்பு முகம் தெரிந்தது உண்மை. மேத்யூ டெல்மான்ட் என்ற ஆய்வாளர் 2012இல் வெளியிட்ட 'தி நைசெஸ்ட் கிட்ஸ் இன் டவுன்' புத்தகத்தில் பழைய பத்திரிகைகளையும் படங்களையும் அன்றைய பிள்ளைகளின் வாய்மொழியையும் அடுக்கி, ஃபிலடெல்ஃபியாவில் இருந்த காலம் முழுக்க அந்தத் தரை வெள்ளையர் தரையாகவே காக்கப்பட்டது என்று நிறுவுகிறார். தாமஸின் நிகழ்ச்சியைப் பற்றி விரிவாக எழுதியவரும் அவர்தான். ஐம்பது வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, பிள்ளைகளின் வாயைக் கேட்க.

திருட்டைவிட எனக்கு உறுத்துவது, வாயைப் பொத்தச் சொன்னதுதான். ரான் மான் 1992இல் எடுத்த 'ட்விஸ்ட்' ஆவணப்படத்தில், பேண்ட்ஸ்டாண்டில் ஆடிய ஒரு வெள்ளை ஜோடி வயசான பிறகு பேசுகிறது. ஸ்ட்ராண்ட் என்ற ஆட்டத்தைக் கறுப்பினப் பிள்ளைகளிடம்தான் கற்றோம், ஆனால் அதை வெளியே சொல்ல அனுமதி இல்லை, நாங்களே கண்டுபிடித்ததாகச் சொன்னோம் என்கிறார்கள்.

அடுத்து வந்த ட்விஸ்ட் ஆட்டத்தின் கதை பலருக்குத் தெரிந்ததே. ஹாங்க் பாலார்ட் என்ற கறுப்பினப் பாடகர் எழுதி 1959இல் வெளியிட்டது. அவருடைய பழைய பாட்டுகள் 'ஆபாசம்' என்று பேர் வாங்கியவை. 1960இல் அதே பாட்டைக் கோழிக்கடையில் வேலை பார்த்த சப்பி செக்கரைப் பாடவைத்து உலகப்புகழாக்கினார்கள். செக்கரும் கறுப்பினத்தவர்தான். சிரித்த முகம், 'சுத்தமான' பையன். எந்தக் கறுப்பர் முன்னால் நிற்கலாம் என்று தேர்ந்தெடுக்கிற அதிகாரம் மட்டும் கை மாறவே இல்லை.

பால்டிமோர் நகரில் படி டீன் நிகழ்ச்சி என்று ஒன்று. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனி நாள் ஒதுக்கியிருந்தார்கள். 1963இல் இளைஞர்கள் இரு நிறத்தவராகச் சேர்ந்து உள்ளே புகுந்து ஆடினார்கள். சேர்ந்து ஆட விடுவதைவிட மூடிவிடலாம் என்று 1964 ஜனவரியில் நிகழ்ச்சியையே நிறுத்தினார்கள். இதை வைத்து 1988இல் வந்த 'ஹேர்ஸ்ப்ரே' படத்தில் கடைசியில் எல்லாரும் ஒன்றாக ஆடுவார்கள். சினிமாவில் ஆடலாம்.

1970இல் சிக்காகோவில் டான் கார்னீலியஸ் என்ற கறுப்பினத்தவர் 'சோல் ட்ரெயின்' தொடங்கினார். அடுத்த வருசம் அது பல நகரங்களுக்குப் போனது. 1973இல் டிக் கிளார்க் அதற்குப் போட்டியாகக் கறுப்பர் நடன நிகழ்ச்சி ஒன்றைத் தானே நடத்தப் பார்த்தார். கறுப்பினத் தலைவர்கள் எதிர்த்தார்கள், அது நீடிக்கவில்லை. சோல் ட்ரெயினுக்குப் பேர் வாங்கித் தந்தது நிகழ்ச்சியில் வருகிற ஒரு வரிசையாட்டம். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கைதட்ட, நடுச்சந்தில் ஒவ்வொருவராக, ஜோடி ஜோடியாக ஆடி வருவார்கள். வில்மிங்டன் பிள்ளைகள் நடந்த அதே சந்துதான். இந்தத் தடவை கேமரா அவர்களுடையது.