சூப்பர் பவுல்தான் ஒரு பயிற்சியாளருக்கு அளவுகோலா? அமெரிக்க ஃபுட்பாலின் 5 மூளைகள்

ஃபுட்பால்னு சொன்னதும் நமக்கு மெஸ்ஸியும் ரொனால்டோவும்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனால் அமெரிக்காவில் அது பந்தைக் கையில் எடுத்து ஓடுற, எறியுற ஆட்டம். அங்குள்ள என்.எஃப்.எல் தொடரில் 32 அணிகள். அதில் 14 அணிகள் பிளே-ஆஃப் செல்லும். அங்கே ஒரு தோல்வி வந்தாலே சீசன் காலி. அப்படியென்றால், தாக்குதல் திட்டம் மட்டும் நன்றாக இருந்தால் கோப்பை கிடைச்சிடுமா?

ஓட்டத்தை நம்பிய லோம்பார்டி

1960களில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியை ஆட்டிவைத்தவர் வின்ஸ் லோம்பார்டி. இவரது ஆயுதம் ‘பவர் ஸ்வீப்’. இரண்டு தடுப்பு வீரர்கள் முன்னால் ஓடி வழி ஏற்படுத்த, பந்தோடு ஒருவர் பின்னால் ஓடுவார். இதுதான் வரப்போகுதுன்னு எதிரணிக்கே தெரியும். ஆனாலும் நிறுத்த முடியாது! 7 ஆண்டுகளில் 5 சாம்பியன் பட்டம். பிளே-ஆஃபில் தோற்றது ஒரே ஒரு முறை, 1960 இறுதிப் போட்டியில்.

1978இல் என்ன மாறியது?

5 யார்டைத் தாண்டிவிட்டால், பந்தைப் பிடிக்க ஓடுபவரை இடித்துத் தடுக்கக் கூடாது என்று விதி வந்தது. பாஸ் ஆட்டத்துக்குக் கதவு திறந்தது.

அந்தக் கதவில் நுழைந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். சான் பிரான்சிஸ்கோவின் பில் வால்ஷ், குட்டிக் குட்டி பாஸ்களால் யார்டுகளைச் சேர்த்தார். 10 சீசன்களில் 3 சூப்பர் பவுல்.

சான் டியாகோவின் டான் கோரியெல் நீளமான பாஸ்களை நம்பினார். 1978 முதல் 1983 வரை தொடர்ந்து 6 சீசன் பாஸ் யார்டுகளில் இவர் அணிதான் முதலிடம். ஆனால் சூப்பர் பவுல் பக்கமே போக முடியலை. 1982 ஜனவரியில் மயாமியை 41-38 என வீழ்த்திய அதே அணி, அடுத்த வாரம் மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் குளிரில் சின்சினாட்டியிடம் 27-7 எனச் சுருண்டது.

சிஷ்யன் ஜெயித்த கதை

கோரியெலிடம் உதவியாளராக இருந்த ஜோ கிப்ஸ், வாஷிங்டன் அணிக்குப் போனார். குருவின் நீண்ட பாஸை விடவில்லை. கூடவே பலமான ஓட்ட ஆட்டத்தையும் சேர்த்தார். 3 சூப்பர் பவுல், அதுவும் 3 வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகளுடன்!

ஆண்டி ரீட் சொல்லும் பாடம்

வால்ஷ் பாணியில் வளர்ந்த ரீட், பிலடெல்பியாவில் 14 சீசன் இருந்தும் சூப்பர் பவுலை வெல்லவில்லை. ‘பெரிய மேட்ச்ல சொதப்புவார்’ என்ற பேர்தான் மிச்சம். கான்சாஸ் சிட்டியில் பேட்ரிக் மஹோம்ஸ் கைக்குக் கிடைத்ததும் 2020, 2023, 2024இல் கோப்பை.

அப்போ யார் பெஸ்ட்?

கோப்பையை மட்டும் எண்ணினால் லோம்பார்டி. ஆனால் பிளே-ஆஃபை முடிவு செய்வதில் தற்காப்பு, குவார்ட்டர்பேக், வானிலை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. 2010இல் மறைந்த கோரியெலுக்கு ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவம் கிடைத்ததே 2023இல்தான். கிப்ஸ் தூக்கிய கோப்பைகளில் குருவின் யோசனையும் இருந்தது. கோப்பைக் கணக்கில் அது வராது.