ரெட் டாக் சுரங்கம்

ரெட் டாக் சுரங்கம் ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே அமைந்துள்ள ஒரு துத்தநாகச் சுரங்கமாகும். உலகின் மிகப்பெரிய துத்தநாகச் சுரங்கங்களுள் ஒன்றான இதில் ஈயமும் எடுக்கப்படுகிறது. 1989 இல் உற்பத்தியைத் தொடங்கிய கொமின்கோ, 2001 இல் அதனுடன் இணைந்த டெக் ஆகிய இரண்டும் கனடிய நிறுவனங்கள். நிலமோ இனுப்பியாட் பழங்குடியினரின் நானா மண்டலக் கழகத்துக்கு உரியது.

உடன்பாடு

1971 ஆம் ஆண்டின் அலாஸ்காப் பழங்குடிகள் நிலவுரிமைத் தீர்வுச் சட்டத்தின்கீழ் நானா கழகம் உருவானது. அது 1982 இல் கொமின்கோவுடன் உடன்பாடு செய்துகொண்டது. ஆகவே இங்கு உள்ளூர் மக்கள் பெறுவது நன்கொடை அன்று, நில உரிமையாளரின் பங்கு. தொடக்கத்தில் 4.5% ஆக இருந்த இப்பங்கு, 2007 இல் நிகர வருவாயில் 25% ஆனது. அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை 5 புள்ளிகள் உயர்ந்து 50% வரை செல்லும். நானாவின் இவ்வருவாயில் 70% ஐ அலாஸ்காவின் 12 மண்டலக் கழகங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். வேலைவாய்ப்பில் நானா பங்குதாரர்களுக்கு முன்னுரிமை உண்டு.

வேட்டையும் நீரும்

நோவாடக், கிவலினா ஊர்களின் மூத்தோர் அடங்கிய குழு சுரங்கத்துக்கு ஆலோசனை கூறுகிறது. கரிபு மான்கள் இடம்பெயரும்போது சுரங்கச் சாலையில் சரக்குந்துகள் நிறுத்தப்படுகின்றன. கிவலினா மக்களின் வெண்திமிங்கில வேட்டை முடிந்த பின்னரே கப்பல் போக்குவரத்து தொடங்கும்.

எனினும் கிவலினாவின் குடிநீர், சுரங்கக் கழிவுநீர் சென்று சேரும் வூலிக் ஆற்றிலிருந்தே பெறப்படுகிறது. இதுகுறித்து அவ்வூரார் சிலர் தொடுத்த வழக்கு 2008 இல் இணக்கத் தீர்வில் முடிந்தது.